பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

(வாகனப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1961 மார்ச் 15. ஜெனீவாவில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பூங்காவில் ஜாகுவார் நிறுவனத் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ் பத்திரிகைக்காரர்களை வரவழைத்துவிட்டுக் காத்திருக்கிறார். காட்ட வேண்டிய காரைக் காணவில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வருபவர் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பாப் பெர்ரி. கடைசி நேரத்தில் வந்து சேர்கிறார். அவசர அவசரமாகத் துடைத்து நிறுத்துகிறார்கள். ஜாகுவார் இ-டைப் உலகத்துக்கு அறிமுகமானது இப்படித்தான். அந்தக் காரின் பதிவு எண் 9600 எச்பி.

அதே காரை ‘ஆட்டோகார்’ பத்திரிகை சோதித்தபோது மணிக்கு 150 மைலைத் தொட்டது. நம் கணக்கில் 240 கிலோமீட்டர். இங்கிலாந்தில் வரியோடு சேர்த்து விலை 2,200 பவுனுக்குள்தான். அந்த வேகத்தைத் தொடக்கூடிய இத்தாலியக் கார்களின் விலையோடு ஒப்பிட்டால் அது பாதிகூட இல்லை. 1974 வரை 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இ-டைப்கள் தயாராயின.

இவ்வளவு புகழோடு பிறந்த 9600 எச்பி பிறகு என்ன ஆனது? எல்லாக் கார்களையும் போலப் பழைய வண்டி ஆகிக் கை மாறியது. 1977-இல் அதை வாங்கியவர் பிலிப் போர்ட்டர். இ-டைப்பின் வரலாற்றை எழுதியவர். அதன் அருமை தெரிந்தவர். அவர் கையிலேயே அது 20 ஆண்டுக்கு மேல் ஓடாமல் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு மறுபடி சாலையைப் பார்த்தது. அருமை தெரியாதவர்கள் மட்டும்தான் கார்களைக் கிடப்பில் போடுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பணம் வரட்டும், நேரம் வரட்டும், சரியான ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்களின் ஷெட்டுகளில்தான் நல்ல கார்கள் கிடக்கின்றன.

அப்படிக் கிடந்த வண்டியை எழுப்புவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். என்ஜின் ஸ்டார்ட் ஆவது வேறு, வண்டி சாலைக்கு வருவது வேறு. இரண்டும் ஒன்று என்று நம்பியதால் கெட்டுப்போன கார்கள், துருப்பிடித்துக் கெட்டுப்போன கார்களைவிடக் குறைவாக இருக்காது.

நம் ஊர்க் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஷெட்டின் கதவைத் திறக்கிறார்கள். தார்ப்பாயை இழுக்கிறார்கள். தூசி அடங்குவதற்குள் கூட்டத்தில் ஒருவர், “வேற பாட்டரி கொண்டா, ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்த்துடலாம்” என்பார். அந்த ஒரு செல்ஃபில் எத்தனை ஆயிரம் ரூபாய் போகும் என்று அவருக்குத் தெரியாது. செலவு அவருடையது இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஓடாமல் நிற்கும் காருக்குள் என்ன நடக்கிறது? முதலில் பெட்ரோல். அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் என்ஜினைப் பற்றவைப்பது; அது முதலில் பறந்துவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசம் வராது, வார்னிஷ் வாசம் வரும். டேங்க்கின் காலிப் பகுதியில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். 3.8 லிட்டர் இ-டைப்பில் பெட்ரோல் பம்பு டேங்க்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது புதுமை. கெட்ட பெட்ரோலில் இருபது வருஷம் ஊறிய பிறகு அந்தப் புதுமை எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அடுத்தது ரப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். ஹோஸ்கள், சீல்கள், என்ஜின் மவுண்டிங்குகள், வைப்பர் பிளேடு எல்லாம் சேர்ந்தே கெடும். டயரைப் பார்த்தால் பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். அதை நம்பக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். அந்த எண்ணே இல்லாத டயர் என்றால் யோசிக்கவும் வேண்டாம்.

இனி என்ஜின். 3.8 லிட்டர் இ-டைப்பில் இருப்பது எக்ஸ்கே என்ஜின். 1948-இல் எக்ஸ்கே 120 காரோடு வந்தது. ஆறு சிலிண்டர், மேலே இரட்டை கேம் ஷாஃப்ட், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். சி-டைப், டி-டைப் பந்தயக் கார்களில் அமர்ந்து லெ மான் பந்தயத்தை ஐந்து முறை வென்றதும் இதுதான். 3.8 லிட்டரில் சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 106 மில்லிமீட்டர். கடைசி நாளில் எந்த வால்வுகள் திறந்த நிலையில் நின்றனவோ, அந்தச் சிலிண்டர்களுக்குள் இத்தனை வருஷமும் ஈரக்காற்று போய் வந்திருக்கும். பிஸ்டன் ரிங் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும். கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தால் அதைவிட மோசம். ஒட்டிய வால்வு மூடாமல் நிற்க, இன்னொரு வால்வு திறந்து வந்து அதில் மோதும். இல்லையென்றால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

ஆகவே ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இளகிய எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். ஒரு நாள் இல்லை, பல நாள். மாணவர்களுக்கு இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்பானரைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் யாருக்கும் முடிவதில்லை. அந்த நாட்களில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. பளபளப்பான இரண்டு கேம் மூடிகளையும் திறந்து பாருங்கள். கேமின் முதுகுக்கும் டாப்பட்டுக்கும் நடுவே வழக்கத்துக்கு மாறான இடைவெளி தெரிந்தால் அந்த வால்வு மேலே வரவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுச் சிலிண்டர் சுவரையும் பார்க்கலாம். எங்கள் காலத்தில் டார்ச் விளக்கும் ஊகமும்தான் இருந்தன.

பிறகு கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை போல்ட்டில் நீளக் கைப்பிடி உள்ள ஸ்பானரைப் போட்டுக் கையால் திருப்ப வேண்டும். முழுச் சுற்று வேண்டாம். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. அசையாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. பலத்தைக் காட்டினால் காசு போகும். அப்படியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அலுமினிய ஹெட் இரும்பு ஸ்டட்டுகளில் பிடித்துக்கொண்டு மேலே வர மறுக்கும். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் இன்று வீட்டுக்குப் போக முடியாது.

என்ஜின் கையால் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். கேம்களின் மேல் கையாலேயே ஆயில் விடுங்கள். பிளக் இல்லாமலே இப்போது செல்ஃப் அடிக்கலாம். எதிர்ப்பு இல்லாததால் என்ஜின் லேசாகச் சுற்றும், ஆயில் பம்பு ஆயிலை மேலே ஏற்றும். அழுத்தம் தெரியும்வரை பிளக்கைத் தொடக் கூடாது. அதற்கும் டாஷ்போர்டில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள். இ-டைப்பின் ஆயில் மீட்டர் மின்சாரத்தில் இயங்குவது. பொய் சொல்வதில் பேர் பெற்றது. தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகு 3,000 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் நின்றால் நிம்மதி. கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் கயிறு சீல் காய்ந்துபோய்ச் சொட்டும். அதை மாற்றக் கிராங்க் ஷாஃப்ட்டையே இறக்க வேண்டும். சில சொட்டுதானே, விழட்டும், கீழே ஒரு தட்டை வையுங்கள் என்பது என் கட்சி.

பெட்ரோல் விஷயத்தில், முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்க்கைத் தொடவே கூடாது. சின்ன கேன் ஒன்றில் புதுப் பெட்ரோல் ஊற்றி, தனிக் குழாயில் கார்புரேட்டருக்குக் கொடுங்கள். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர்தான், விருந்து பிறகு. இ-டைப்பில் மூன்று எஸ்யு கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். ஜெட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது காய்ந்து வெடித்திருக்கும். மிதவை ஊசி பிசினில் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் நிற்காமல் வழியும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். மூன்று கார்புரேட்டரும் சமமாக மூச்சு வாங்க வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, மூன்றின் சீறலையும் ஒப்பிட்டுத் திருகுவார்கள் அந்தக் கால மெக்கானிக்குகள். இப்போது அதற்கு அளவுக் கருவிகள் வந்துவிட்டன. இருந்தும் காது பழகியவரிடம் அரைமணி நேரம் நின்று பாருங்கள்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் எல்லோர் கண்ணும் கலங்கும். அப்போது வெப்பநிலை முள்ளை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்கே பிளாக்கின் பின்பக்கம், ஆறாவது சிலிண்டரைச் சுற்றி, பழைய துருச் சேறு படிந்து தண்ணீர் ஓட்டத்தை அடைக்கும். ரேடியேட்டரைக் கழுவினால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மின்விசிறி தானாக ஓடத் தொடங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

சரி, என்ஜின் ஓடுகிறது. செல்போனில் படம் பிடித்தாயிற்று. “தெருமுனை வரை ஒரு சுற்று போய்ட்டு வந்துடலாம்” என்ற குரல் இப்போது கேட்கும். உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான். 265 குதிரைத்திறன் என்று நிறுவனம் சொல்லிக்கொண்ட என்ஜின் உயிரோடு இருக்கிறது. அதை நிறுத்த வேண்டிய பிரேக் செத்துக் கிடக்கிறது. என்னைக் கேட்டால் வேலையின் வரிசையையே தலைகீழாக மாற்றுவேன். என்ஜின் ஊறிக்கொண்டிருக்கும் நாட்களில் பிரேக்கை முடித்துவிட வேண்டும். பிரேக் முடியாத வண்டிக்குப் பெட்ரோல் காட்டவே கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் 155 டிகிரி வரை இறங்கலாம். பல வருஷம் கிடந்ததில் தண்ணீர் எவ்வளவோ! அந்தத் தண்ணீர் காலிப்பருக்குள் பிஸ்டனைத் துருப்பிடிக்கவைக்கும், மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில் குழி போடும். மிதித்தால் பிரேக் பிடிக்காமல் போவது ஒரு வகை. பிடித்த பிரேக் விடாமல் இருப்பது இன்னொரு வகை. ரப்பர் ஹோஸின் உட்புறம் வீங்கிப்போனால், காலின் அழுத்தத்தில் ஆயில் முன்னே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். அதனால் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் வாதம் செய்வதில்லை, அவர் வண்டியில் ஏறுவதில்லை.

இ-டைப்பில் நான்கு சக்கரத்துக்கும் டன்லப் டிஸ்க் பிரேக். முன், பின் என்று தனித்தனி மாஸ்டர் சிலிண்டர்கள். 1961-இல் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. நடுவில், டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தின் எடை குறைந்தால் மேடுபள்ளத்தில் வண்டி நன்றாகப் பிடித்து ஓடும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. கணக்கு சரி. பழுது பார்ப்பவன் பாடுதான் திண்டாட்டம். பிரேக்கின் சூடு டிஃபரென்ஷியலின் ஆயில் சீல்களைச் சுடும். சீல் கசிந்தால் ஆயில் டிஸ்க்கின் மேலேயே விழும். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் பின்பக்க அமைப்பு முழுவதையும் கீழே இறக்க வேண்டும். கைப்பிரேக் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய் எல்லாவற்றையும் விடுவித்து, நான்கு ரப்பர் மவுண்டிங்குகளைக் கழற்றினால், டிஃபரென்ஷியல், சஸ்பென்ஷன், டிஸ்க் எல்லாம் இரும்புக் கூடோடு ஒரே துண்டாக இறங்கும். பயப்பட வேண்டாம். கீழே இறக்கி மேஜையில் வைத்துவிட்டால் பிறகு வேலை சுகமானது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே ஒப்பேற்றப் பார்த்தவர்கள்தான் நாசமாக்கினார்கள். 1968-இல் வந்த எக்ஸ்ஜே6-இலும் இதே அமைப்பின் வாரிசுதான் இருந்தது என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டால் என்ன என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். கிளட்ச்சைக் கழற்ற வேண்டுமானால் பானெட்டை எடுத்துவிட்டு, என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

உடலுக்கு வருவோம். இதை வடிவமைத்தவர் மால்கம் சேயர். விமானத் தொழிலில் காற்றியக்கவியல் கற்றவர். பின்பாதி தகட்டாலேயே வலுப்பெற்ற ஒற்றைக் கூடு. முன்பாதியில் என்ஜினைத் தாங்குவது ரெனால்ட்ஸ் எஃகுக் குழாய்களால் ஆன சட்டம். போல்ட் போட்டு இணைத்தது. இரண்டும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. டிங்கரிங் செய்பவர் அதைத் தாங்கு கொடுக்காமல் வெட்டினால் உடல் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. முன்சட்டக் குழாய்கள் மெல்லியவை, பித்தளை கொண்டு பற்றவைத்தவை. அவற்றில் ஆர்க் வெல்டிங் வைப்பதும் துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதும் குற்றம் என்றே சொல்வேன். வெளியே தெரியாது, மணிக்கு நூறு மைலில் தெரியும்.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலி கடித்திருக்கும், எர்த் இணைப்புகள் பூத்திருக்கும். 3.8 இ-டைப்பில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாட்டரியை நம் வழக்கப்படி மாட்டினால் தொல்லை. மின்சாதனங்கள் லூகாஸ் நிறுவனத்தவை. அதே 1961-இல்தான் லூகாஸ் நம் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ்ஸைத் தொடங்கியது. சென்னை பாடியில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரித்துக் கட்டிப் பழகிய கைகளுக்கு இ-டைப்பின் மின்சாரப் பகுதி அந்நியமாக இருக்காது.

எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்குரியல் நிறுவனம் பாயோன் குடும்பத்தின் கார்களை ஏலம் விட்டது. பல பத்தாண்டுகளாகக் கொட்டகைகளில் மட்கியவை. அதில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு காலத்தில் நடிகர் அலன் தெலோன் வைத்திருந்தது. தூசியோடு 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. அதைக் கழுவக்கூடக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கார் என்றால் ஓட வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. முதல் 500 இ-டைப்களில் பானெட் பூட்டு வெளியே இருந்தது. 1962 தொடக்கம்வரை கால் வைக்கும் தளம் தட்டையாக இருந்தது. இப்படிப்பட்ட காரில் “இதைவிட நல்லது கிடைக்கிறது” என்று பிந்தைய தளத்தை வைத்துப் பற்றவைத்தால் காரின் பிறப்புச் சான்றே போய்விடும். 9600 எச்பியில் கையால் தட்டிச் செய்த பகுதிகள் பல. அவற்றை இழந்திருந்தால் கிடைத்திருப்பது பளபளப்பான இன்னொரு இ-டைப் மட்டுமே. என் தீர்ப்பு இது: உயிரைக் காப்பவை, அதாவது ஹோஸ், டயர், பிரேக் சீல், பெட்ரோல் குழாய், எல்லாம் புதியவை. கண்ணுக்கும் வரலாற்றுக்கும் உரியவை, அதாவது தோல் இருக்கை, மீட்டர், ஸ்டியரிங், தகட்டில் இருக்கும் எண்கள், கூடியவரை பழையவை.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். 2023 முதல் நம் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய வகை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், டேங்க்கில் படிந்ததைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். அதே ஜெட் அமைப்பில் கலவை மெலிந்து என்ஜின் சூடாகும். எனவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போடுங்கள், கார்புரேட்டர் ஊசியைப் பொருத்தமாக மாற்றுங்கள், நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்க்கை அரைகுறையாக விடாதீர்கள். இரண்டாவது, சட்டம். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, மூல அமைப்பில் பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். எண் பலகையில் மாநில எழுத்தோடு விஏ என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய், 10 ஆண்டு செல்லும். தினசரிப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், எரிபொருள் போட, பழுது பார்க்கக் கொண்டுபோக அனுமதி உண்டு.

இந்தக் கூட்டத்தில் இ-டைப் வைத்திருப்பவர் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் தாத்தாவின் ஹெரால்டோ, மாமாவின் ஃபியட்டோ கொல்லைப்புறத்தில் நிற்கும் வீடுகள் இங்கே நிச்சயம் இருக்கும். வேலை அதேதான். ஞாயிற்றுக்கிழமை போய் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டேங்க்கில் இருப்பதை வெளியே எடுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து உள்ளே தெரிவதை எழுதி வையுங்கள். எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். அன்றைக்கே பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அதுவோ அதன் மாற்றுப் பிரதியோ கிடைக்காவிட்டால் மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகும் வண்டியைச் சட்டப்படி சாலையில் ஓட்ட முடியாது.